எண் பதினேழின் பதில்

செந்த் எத்தியன்
1997 மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் என் பூனையும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் கத்தெல் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியிலும் இதையேதான் கேட்டேன். "ம், இருக்கேன்" என்றாய். வியாபாரம் எப்படி என்றால் "ம்". கடல் எப்படி என்றால் அதற்கும் "ம்". கடிதத்திலாவது நாலு வரி எழுதுவாய் என்ற நம்பிக்கையில் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

எனக்கு வேலை மாறியிருக்கிறது. போன மாதம் முதலாளி கூப்பிட்டு, "சொலாஞ்ஜ், மெஷின் பக்கத்துல இருபத்திரண்டு வருஷம் நின்னாச்சு. இனி உட்கார்ந்து யோசிங்க" என்றார். உள்ளாடைக்கு இலாஸ்டிக் பின்னிய கம்பெனி இப்போது உடம்புக்குள் வைக்கிற வலை பின்னுகிறது. குடலிறக்கத்துக்கு. அடிவயிற்றுச் சதை விட்டுப்போய்க் குடல் பிதுங்கி வருமே, அந்த இடத்தை உள்ளிருந்து மூடுவதற்கு.

இதுவரை சர்ஜன்களுக்குத் தட்டையான வலையைக் கொடுத்து வந்தோம். அவர்கள் வேண்டிய அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்வார்கள். ஆனால் கவட்டிக்கு உள்ளே தட்டையாக எதுவுமே இல்லை, அண்ணா. கிண்ணம் மாதிரி ஒரு குழிவு. கீழே இடுப்பெலும்பு, ஓரத்தில் தொடைக்குப் போகிற ரத்தக்குழாய். ஒரு கைக்குட்டையைக் கிண்ணத்துக்குள் விரித்துப் பார், எத்தனை சுருக்கம் விழுகிறது என்று தெரியும். அந்தச் சுருக்கம்தான் பிறகு ஆளைக் குத்துகிறது. அதனால் செய்யும்போதே வளைந்திருக்கிற வலை ஒன்றைச் செய்யப் பார்க்கிறேன். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, செருப்பு மாதிரி.

வாரம் இரண்டு நாள் மருத்துவக் கல்லூரி உடற்கூறு அறையில் இருக்கிறேன். இறந்தவர்களின் கவட்டிக் குழியில் பிளாஸ்டர் ஊற்றி வார்ப்பு எடுக்கிறோம். முதல் நாள் வாந்தி வந்தது. இப்போது அவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிக்கிறேன். என் மேஜையில் இருபத்தாறு வார்ப்புகள் இருக்கின்றன, ஒன்று போல இன்னொன்று இல்லை.

அப்பா ஞாபகம் அடிக்கடி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கோட்டுக்குள்ளே இறங்குகிற குடலைத் தாங்கும் அந்தத் தோல் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கு வருவாரே. பதினோரு வருஷம் கட்டியிருந்தார். அவர் செத்த பிறகு அலமாரியைத் திறந்துதான் நமக்கே தெரிந்தது.

வழக்கம்போல நம் ஊர் நீலம் பூத்த சீஸ் ஒரு கட்டி அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சொலாஞ்ஜ்


போர்கெலன்
1997 மார்ச் 23

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் சீஸும் வந்தன. சீஸ் நன்றாக இருந்தது. இங்கே இருவரும் நலம், எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் வேலையைப் பற்றிக் கத்தெலுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க தங்கச்சிக்குச் செத்தவங்ககூடத்தான் பேச்சு ஒத்துப்போகும், குறுக்கே பேச மாட்டாங்க" என்கிறாள். கோபித்துக்கொள்ளாதே, அவள் உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் சிப்பியை வளர்ப்பதும் வலைப்பையில்தான். கடல் வற்றும் நாட்களில் போய் ஒவ்வொரு பையையும் புரட்டிப் போடாவிட்டால், சிப்பியின் ஓடு வலைக்கண் வழியாக வளர்ந்து பையோடு பிடித்துக்கொள்ளும். பிறகு பிய்த்தால் ஒன்று பை கிழியும் அல்லது சிப்பி உடையும். மனுஷன் சதையும் உன் வலையை அப்படிப் பிடித்துக்கொள்ளுமா?

இன்னொன்று. லாரியில் மூட்டை ஏற்றுகிற வாடிக்கையாளர் ஒருத்தருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. பட்டை கட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறார். உன் வலை எப்போது கிடைக்கும், எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று விசாரிக்கச் சொன்னார்.

பூனைக்கு என் அன்பு.

அர்மான்


செந்த் எத்தியன்
1997 மே 11

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரும் நலம் என்று எழுதியிருந்தாய், படித்ததில் நிம்மதி. என் தோள்வலி மட்டும் போகவில்லை. இயந்திரத்தை விட்டாலும் அது என்னை விடாது போலிருக்கிறது.

நீ கேட்ட சிப்பிப் பை விஷயத்தை டாக்டர் விலாரிடம் சொன்னேன். என்னோடு இருந்து சொல்லித்தருகிற சர்ஜன் அவர். சிரித்துவிட்டு, "உங்க அண்ணன் ஒரு வரியில சொன்னதை நான் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்றேன்" என்றார். அப்படியேதான் அண்ணா. சில வாரத்தில் சதை ஒவ்வொரு கண் வழியாகவும் நுழைந்து பின்னிக்கொள்ளும். அதனால்தான் பலம். ஆனால் நீங்கள் பையைப் புரட்டிப் போடுவது போல அதைப் பிறகு யாராலும் புரட்ட முடியாது. முதல் தடவையே சரியாக வைத்தாக வேண்டும்.

அதற்காகத்தான் குறி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மூலையில் நீல நூலால் ஒரு தையல். அந்த மூலை உடம்பின் நடுப்பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். பின்னலை இரும்புக் குழியில் போட்டுச் சூடாக அழுத்தியதும் கிண்ணமாக நின்றுவிடுகிறது. வழக்கப்படி துணியின் முகம் மேலே, குறி பின்பக்கம், அதாவது துணியின் முதுகில். எங்கள் தொழிலில் முகத்தில் குறி போட்டவளை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

செப்டம்பரில் சோதனை ஆரம்பம். ஐந்து ஆஸ்பத்திரிகள், நாற்பது பேர். உங்கள் மாவட்டத் தலைநகரத்து ஆஸ்பத்திரியும் அதில் உண்டு, உன் வாடிக்கையாளரை அங்கே போய்க் கேட்கச் சொல். யார் யார் என்று எனக்குத் தெரியாது, எண் மட்டும்தான் வரும். ஆறு வாரம் கழித்து ஒவ்வொருவரும் ஒரு தாளில் பதில் எழுதுவார்கள். ஒருத்தர் குறை சொன்னாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து வரவேண்டும். எனக்கு ஐம்பத்தொரு வயது. இன்னொரு தடவை முதலிலிருந்து வர எனக்குத் தெம்பு இல்லை. நாற்பது பேரும் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும் என்று, கோயில் பக்கமே போகாத நான், மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். நீயும் வேண்டிக்கொள்.

அண்ணிக்கு என் அன்பு. இத்துடன் சீஸ்.

சொலாஞ்ஜ்


போர்கெலன்
1997 ஜூலை 20

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உல்லாசப் பயணிகள் கூட்டம். நாங்கள் நலம். தோளுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு என்று கத்தெல் சொல்கிறாள்.

இந்தத் தடவை ஆகஸ்டில் வராதே. கூரை வேலை நடக்கிறது, நீ தங்க இடம் இருக்காது. செப்டம்பரும் தோதுப்படாது. வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன், அவருக்குச் சந்தோஷம்.

உன் வலை நன்றாக வரும். நம் வீட்டில் ஒரு காரியத்தைக் கடைசிவரை செய்து முடித்தது நீ ஒருத்திதான். சீஸ் நன்றாக இருந்தது.

அர்மான்


செந்த் எத்தியன்
1997 நவம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

செப்டம்பரில் ஒரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அக்டோபரில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன், அதற்கும் இல்லை. தொலைபேசியில் அண்ணி எடுத்து, "கடலுக்குப் போயிருக்கார்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடல் நிறைந்து நிற்கிற நேரத்தில் நீ போய் என்ன செய்கிறாய்? நானும் ஓதக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவள்தான். என் மேல் ஏதாவது கோபமா? உடம்பு சரியில்லையா? இரண்டில் எது என்றாலும் எழுதிவிடு.

இங்கே சந்தோஷத்தில் என் கால் தரையில் பாவவில்லை. முப்பத்தொரு பதில் தாள் வந்துவிட்டது, ஒரு குறைகூட இல்லை. ஒவ்வொன்றையும் நான்தான் பிரித்துப் படிக்கிறேன். எண் 4 ஒரு தபால்காரர், மறுபடி சைக்கிளில் போகிறாராம். எண் 22 பேத்தியைத் தூக்கினாராம். எண் 17 என்று ஒருத்தர், உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி, இடது பக்கம், பாரம் தூக்கும் வேலை. பதினான்கு கேள்விக்கும் "இல்லை", "இல்லை", "இல்லை". கடைசியில் வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்ற இடத்தில், "நன்றாக இருக்கிறது. செய்தவருக்கு நன்றி" என்று மட்டும். கூட வேலை செய்கிற ரேமோந்திடம் காட்டி, "எங்க அண்ணன் மாதிரியே ஒரு ஊமை" என்றேன். அந்தத் தாளை மட்டும் மேஜைக்கு மேலே சுவரில் குத்தி வைத்திருக்கிறேன். கேள்விகளை அச்சடித்த தாள், பதில் எல்லாம் ஆஸ்பத்திரியில் தட்டச்சு செய்தது. ஆனாலும் யாரோ ஒருத்தர் எனக்கு நேரில் சொன்னது மாதிரி இருக்கிறது.

உன் வாடிக்கையாளர் போனாரா? அவர்தான் இந்த எண் 17-ஓ என்று நினைத்துக்கொண்டேன். உடனே எழுது.

சொலாஞ்ஜ்


போர்கெலன்
1997 நவம்பர் 27

அன்புத் தங்கைக்கு,

கோபம் எல்லாம் இல்லை. நலமாக இருக்கிறேன். கிறிஸ்துமஸ் வருகிறது, தெரியுமே, வருஷத்துச் சம்பாத்தியத்தில் பாதி இந்த மூன்று வாரத்தில்தான். பைகளைப் புரட்ட ஓர் ஆள் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் வேறு ஊருக்குப் போய்விட்டார், எனக்குத் தெரியாது.

ஒரு சந்தேகம். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் வலையின் விளிம்பு எப்படி முடிகிறது? குனியும்போது அது அசையாதா?

அந்தத் தாளைச் சுவரில் எல்லாம் குத்தி வைக்காதே. தூசி படியும்.

அர்மான்


போர்கெலன்
1998 ஜனவரி 6

அன்புத் தங்கைக்கு,

உனக்கும் பூனைக்கும் இந்த வருஷம் நல்லபடியாக இருக்கட்டும். உன் பதில் வருவதற்குள் நானே எழுதுகிறேன், அத்தனை எரிச்சல்.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எங்கள் விரிகுடாவை மூடிவிட்டார்கள். ஒரு சிப்பிகூட விற்கக்கூடாது. எர்வேயைத் தெரியுமே, எனக்கு அடுத்த சிப்பிப் பாத்தி வைத்திருப்பவன். டிசம்பர் ஆரம்பத்திலேயே அவனிடம் வாங்கிய இரண்டு குடும்பம் வாந்தி வயிற்றுப்போக்கு என்று அவனுக்கே தொலைபேசியில் சொல்லியிருக்கிறது. அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் மச்சான்தான் அவன் சிப்பியை வாங்கி விற்கிற மொத்த வியாபாரி. "மச்சானுக்கு இது மொத சீசன், நான் போய்ச் சொன்னா அவன் பேரு கெட்டுடும்னு பார்த்தேன்" என்று எங்கள் முன்னால் நின்று சொல்கிறான். அவன் மச்சானின் பெயரைக் காப்பாற்றினானாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவன் பாத்தியை மட்டும் பார்த்து, தண்ணீரைச் சோதித்து, நாலு நாளில் முடிந்திருக்கும். சொல்லாமல் விட்டதில் அறுபது பேர் படுத்துவிட்டார்கள். அதில் ஒரு கிழவி இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

கூட்டத்தில் எழுந்து நின்று அவனை நான் திட்டாத திட்டு இல்லை. வீட்டுக்கு வந்தபோது கத்தெல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் நலம்.

அர்மான்


செந்த் எத்தியன்
1998 பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் படித்து மனசு ஆறவில்லை. அண்ணி எப்படி இருக்கிறாள்? நீ தூங்குகிறாயா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நீ திட்டியது சரி. நானாக இருந்தால் இன்னும் திட்டியிருப்பேன். மச்சான் மேல் பாசமாம். அந்தக் கிழவி அவன் மச்சானை வாழ்நாளில் பார்த்திருப்பாளா? அவள் பாட்டுக்குச் சந்தையில் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனவள். சொல்லாமல் இருந்தானே, அவனை நான் மன்னிக்க மாட்டேன். யார் மேல் பாசம் வைத்துச் சொல்லாமல் இருந்தாலும் மன்னிக்க மாட்டேன்.

என் பக்கம் செய்தி நல்லது. நாற்பது தாளும் வந்துவிட்டது. நாற்பதும் சுத்தம். மார்ச் 20-ஆம் தேதி உற்பத்திக்குக் கையெழுத்துப் போடுகிறேன், ஜூனிலிருந்து இயந்திரம் ஓடும். முதல் வருஷம் ஆறாயிரம் துண்டு. ஆறாயிரம் பேர், அண்ணா. தபால்காரர், கொத்தனார், மூட்டை தூக்குகிறவர். சுவரில் இருக்கிற எண் 17-க்குத் தினமும் காலை வணக்கம் சொல்கிறேன், ரேமோந்த் சிரிக்கிறாள்.

விளிம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது எலும்பின் மேல் படிந்து கிடக்கும், அசையாது. வைத்துக்கொண்ட ஆளுக்கே தெரியாது. நீ ஏன் இதைக் கேட்கிறாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்டால் "ம்" என்பாய், அதனால் விட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போட்ட பிறகு பத்து நாள் லீவு. நேராக உன்னிடம்தான் வருகிறேன். கூரை, கீரை என்று எதுவும் சொல்லாதே.

சொலாஞ்ஜ்


போர்கெலன்
1998 மார்ச் 1

சொலாஞ்ஜ்,

எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் நலம் என்று எழுதினேன். இதில் எழுதவில்லை.

எண் 17 நான்தான்.

வாடிக்கையாளர் என்று ஒருத்தரும் கிடையாது. மூன்று வருஷமாக எனக்கு இடது பக்கம் குடல் இறங்கியிருந்தது. பட்டை கட்டிக்கொண்டு, பட்டைக்கு மேலே ரப்பர் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குவேன். அப்பாவைப் பற்றி நீ எழுதியிருந்த கடிதத்தை அந்தப் பட்டையோடுதான் உட்கார்ந்து படித்தேன். என் தங்கச்சி செய்த வலையைத்தான் வைத்துக்கொள்வேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். செப்டம்பர் 16-ஆம் தேதி வைத்தார்கள். ஆறு மாதம் போனதும் உன் ஊருக்கு வந்து, உன் முன்னால் ஒரு மூட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு, "இதுக்குள்ள இருக்கிறது உன் வேலை" என்று சொல்ல நினைத்திருந்தேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

ஐந்தாவது வாரம் வலி ஆரம்பித்தது. நடுப்பக்கம், கீழே, எலும்புக்கு மேலே. அட்டையை மடித்து உள்ளே வைத்து மறந்துவிட்டது மாதிரி. நின்றால் தெரியாது, குனிந்தால் குத்தும். டிராக்டரில் ஏறும்போது உயிர் போய்விடும். ஆறாவது வாரம் ஆஸ்பத்திரியில் அந்தத் தாளைக் கொடுத்து நர்ஸ் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். "வலி இருக்கா?" என்றாள். ஒருத்தர் குறை சொன்னாலும் முதலிலிருந்து என்று நீ எழுதியிருந்தது கண் முன்னால் நின்றது. இல்லை என்றேன். பதினான்கு தடவை இல்லை என்றேன். என் ஒருத்தன் வலிதானே, பொறுத்துக்கொண்டால் போகிறது என்று நினைத்தேன்.

உன் பிப்ரவரிக் கடிதத்தைக் கத்தெல்தான் உரக்கப் படித்தாள். மன்னிக்க மாட்டேன் என்ற இடத்தில் நிறுத்தினாள். "எர்வேயைக் கூட்டத்துல என்னென்ன சொன்னீங்களோ, அதையெல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க" என்றாள். வாயை மூடிக்கொண்டு இருக்கும்படி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவளும் ஐந்து மாதம் என்னோடு சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறாள்.

ஆறாயிரம் பேர். அவர்கள் யாருக்கும் நீ தங்கச்சி இல்லை.

கையெழுத்துப் போடாதே.

அர்மான்


செந்த் எத்தியன்
1998 மார்ச் 15

அண்ணா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. முதலில் அழுதேன், பிறகு கோபம் வந்தது. உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதிவிட்டு, சரிபார்க்க வேண்டும் என்று என் மே மாதக் கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தேன். எழுதிய நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன். நாற்பது பேரும் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும் என்றேனே ஒழிய, நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. வலித்தாலும் சொல்லாதே என்று உனக்கு நானே கடிதம் போட்டிருக்கிறேன்.

மறுநாள் டாக்டர் விலாரிடம் போய், என்னை இதுவரை பார்க்காத ஒரு சர்ஜன் வேண்டும் என்று கேட்டேன். ஓர் இளம் பெண்ணை அனுப்பினார். இடுப்பு மாதிரி பொம்மையை வைத்து, பெட்டியையும் குறிப்புத் தாளையும் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் தாளைப் படித்தாள். துண்டை எடுத்தாள், நீல நூலைத் தேடினாள். அது பின்பக்கம் இருந்தது. சட்டென்று துண்டைக் கவிழ்த்தாள், நூல் தன்னைப் பார்க்கிற மாதிரி. நடுப்பக்கம் பார்த்து அழகாக வைத்தாள்.

கிண்ணம் கவிழ்ந்துவிட்டது, அண்ணா. மேல் விளிம்பு கீழே வந்து எலும்பின் மேல் மடிந்து நின்றது. நீ எழுதிய அதே இடம்.

ஏன் திருப்பினீர்கள் என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்து, "குறின்னா நான் பார்க்கிறதுக்குத்தானே?" என்றாள்.

காலங்காலமாக எங்கள் தொழிலில் குறி போடுவது, யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக. உடுத்துகிறவர் கண்ணில் படாமல் முதுகில். அதைத் தாளில் எழுத வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. விலாருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நானே கையில் பிடித்துக் காட்டிக் கொடுத்தேன், அவர்கள் வைத்தது எல்லாம் சரி. மற்ற இரண்டு ஆஸ்பத்திரிக்குப் பெட்டியும் தாளும் மட்டும் போயின. பதினான்கு பேர். அத்தனை பேருக்கும் வலை கவிழ்ந்திருக்காது, ஆனால் எத்தனை பேருக்கு என்று யாருக்கும் தெரியாது. அவர்களில் இன்னும் எத்தனை பேர் டாக்டர் மனம் கோணக்கூடாது என்று "இல்லை" சொன்னார்களோ. என் இருபத்தாறு வார்ப்பும் இறந்தவர்களிடம் எடுத்தது. அவர்கள் குறை சொல்லாதது எனக்குப் பழகிப்போய்விட்டது.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒருத்தர்தானே சொல்லியிருக்கார்?" என்றார்.

"ஒருத்தர் சொல்லியிருக்கார். மத்தவங்களை நாம இன்னும் சரியா கேட்கலை" என்றேன்.

நிறுத்திவிட்டார். என்னைத் திட்டினார், பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பதினான்கு பேரையும் திரும்ப அழைத்துப் படம் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். நீதான் முதலில் போக வேண்டும், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அங்கே வாசலில் நான் நிற்பேன். வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருக்காதே, இந்தக் கடிதம் வருவதற்குள் நான் ரயிலில் இருப்பேன்.

சுவரில் இருந்த தாளைக் கழற்றவில்லை. அதற்குப் பக்கத்தில் உன் கடிதத்தைக் குத்தியிருக்கிறேன்.

சொலாஞ்ஜ்


போர்கெலன்
1998 ஜூன் 14

அன்புத் தங்கைக்கு,

உன் தோள் எப்படி இருக்கிறது? உலகக் கோப்பைப் பந்தாட்டக் கூட்டத்தில் உங்கள் ஊர்த் தெருவில் நடக்க முடியவில்லை என்று கத்தெலிடம் சொன்னாயாம். பூனையை வெளியே விடாதே.

நீ போன பிறகு மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். டாக்டர் சொன்னது உனக்கும் தெரிந்ததுதான், முழு வலையையும் எடுக்க முடியவில்லை. பாதியைச் சதை பிடித்துக்கொண்டுவிட்டது. மடிந்து நின்ற மூலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை அப்படியே விட்டுத் தைத்துவிட்டார்கள். வெட்டிய துண்டை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார். உன் நீல நூல் அதில் இருக்கிறது. நன்றாகத்தான் தைத்திருக்கிறாய். அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொண்டு போ, நீ கேட்ட மாதிரி தபாலில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

பதினான்கில் ஆறு பேருக்கு வலை கவிழ்ந்திருந்தது என்று எழுதியிருந்தாய். அதில் நாலு பேருக்கு வலி, நாலு பேரும் முன்பு இல்லை என்று எழுதியவர்கள். என்னை விட்டால் மற்ற மூன்று பேருக்கும் நீ யார் என்றே தெரியாது. அப்படியானால் என் ஊமைத்தனத்துக்குப் பாசத்தைக் காரணம் சொன்னதுகூட முழு உண்மை இல்லை போலிருக்கிறது. பதினோரு வருஷம் பட்டையை மறைத்த அப்பாவுக்கு யார் மேல் பாசம்? இப்போது புதுத் துண்டில் குறி முகத்தில் இருக்கிறது என்றாய். ரேமோந்த் அதைத் தைக்கும்போது கை கூசுகிறது என்றாளாம். பழகிவிடும் என்று சொல்.

கேள்வித் தாளையும் மாற்றிவிட்டாயே. "வலி இருக்கிறதா" என்று இருந்ததை எடுத்துவிட்டு, "எங்கே வலிக்கிறது, எதைச் செய்யும்போது" என்று போட்டிருக்கிறாய். நர்ஸ் நேற்று கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் நிரம்பி ஓரத்திலும் எழுதினேன். அவள் நின்று நின்று பார்த்துவிட்டு நாற்காலி கேட்டாள்.

எழுதுகிற கை இன்னும் நிற்கவில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நீலம் பூத்த சீஸ் எனக்குப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. பத்தொன்பது வருஷமாக நீ அனுப்புகிற ஒவ்வொரு கட்டியையும் நாய்தான் தின்றது. இரண்டு நாய் தின்றன. முதல் நாய் செத்தபோது கத்தெல், "இனி உங்க தங்கச்சிக்கு என்ன பதில் எழுதுவீங்க?" என்று கேட்டாள். பன்றி இறைச்சித் தொத்திறைச்சி இருந்தால் அனுப்பு, அது எனக்குப் பிடிக்கும்.

போன கடிதத்தின் முதல் வரியில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். இன்று காலையில் கடல் வற்றியதும் இறங்கி இருபது பை புரட்டினேன். இருபத்தொன்றாவதில் நிறுத்தி, பைகளைக் கிடத்துகிற இரும்பு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலிக்கிறது, சொலாஞ்ஜ். முன்பு மாதிரி இல்லை, கொஞ்சம்தான். ஆனால் வலிக்கிறது.

உன் அண்ணன்,
அர்மான்